பள்ளித் தலைமைக்கு ஒரு டாக்டர் பட்டம்: அதை எதை வைத்து அளப்பது?

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வெளிநாட்டில் ஆசிரியர்களாக இருக்கும் உங்களில் சிலர், "சார், கல்வித் தலைமையில் எட்.டி. சேரலாமா? எந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறீர்கள். வேலையையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டே மூன்று நான்கு வருடம் படிக்க வேண்டும். கட்டணமும் லேசுப்பட்டதல்ல. அதனால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் நூறு வருடத்துக்கு முன்னால்தான் தொடங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கல்வித் துறைக்கென்று பிஎச்.டி. கொடுக்கத் தொடங்கியது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ். ஆண்டு 1893. ஹார்வர்டு 1920-ல் கல்விக்கென்று தனிப் பள்ளியைத் தொடங்கியபோது எட்.டி. என்ற புதுப் பட்டத்தை உருவாக்கியது. (ஹார்வர்டு பட்டத்துக்குப் பெண்களை முதலில் சேர்த்துக்கொண்டதும் இந்தப் பள்ளிதான். பெண்பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.) மருத்துவருக்கு அவர் தொழிலுக்கென ஒரு பட்டம் இருப்பதுபோல், பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும் தொழில் சார்ந்த உயர்பட்டம் வேண்டும் என்பது எண்ணம். 1934-ல் டீச்சர்ஸ் காலேஜும் எட்.டி.யைத் தொடங்கியது.

எண்ணம் நல்லதுதான். ஆனால் மதிப்பிட எடுத்த அளவுகோல் பிஎச்.டி.யுடையது. "பிஎச்.டி. அளவுக்குக் கடினமாக இருக்கிறதா?" என்றே எல்லோரும் கேட்டார்கள். அதனால் அதே பேராசிரியர்கள், ஏறக்குறைய அதே பாடங்கள், அதே மாதிரி ஆய்வேடு என்று ஆகிவிட்டது. பின்னால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் பலரும், பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதான் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

அந்தக் காலத்து ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். தொழிற்சாலையில் வேலையை நிமிடக் கணக்கில் அளந்த ஃபிரெடரிக் டெய்லரின் புத்தகம் 1911-ல் வந்தது. அந்த அலை பள்ளிக்கூடத்துக்குள்ளும் புகுந்தது. பள்ளி நிர்வாகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எழுதியவற்றில் பல வரவு செலவு, கட்டடம், சொத்து பற்றியவை. 1920-களில் பள்ளியின் குழாய் வசதிகளைப் பற்றியும், துப்புரவுப் பணியைப் பற்றியும்கூட ஆய்வேடுகள் வந்தன. ரேமண்ட் கலஹன் என்ற வரலாற்றாசிரியர் 1962-ல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதினார். குழாயும் துப்புரவும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பறையில் பிள்ளை என்ன கற்கிறது என்ற கேள்வி எங்கே போனது?

அடுத்து வந்தது எண்ணிக்கைக் காலம். அங்கே பல கல்வி மாவட்டங்களில் பட்டம் கூடினால் சம்பளமும் கூடும். ஆகவே ஆசிரியர்களுக்குப் பட்டம் தேவைப்பட்டது. பல்கலைக்கழகங்களுக்குக் கட்டணம் தேவைப்பட்டது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எவ்வளவு வசூலானது என்பதே வெற்றியின் அடையாளம் ஆகிவிட்டது.

இதைப் போட்டு உடைத்தவர் ஆர்தர் லெவின். வெளியாள் அல்ல, டீச்சர்ஸ் காலேஜின் தலைவராக இருந்தபோதே, 2005-ல், பள்ளித் தலைவர்களை உருவாக்கும் படிப்புகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். நோக்கம் தெளிவா, பாடங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, ஏட்டுப் படிப்பும் களப் பயிற்சியும் சமமா, ஆசிரியர்கள் எப்படிப்பட்டவர்கள், யாரைச் சேர்க்கிறார்கள், பட்டத்தின் தரம் என்ன, ஆராய்ச்சி எப்படி, பணம் போதுமா, தன்னைத்தானே மதிப்பிட்டுத் திருத்திக்கொள்கிறதா என்று ஒன்பது அளவுகோல்கள் வைத்துப் பார்த்தார். பெரும்பாலான படிப்புகள் தேறவில்லை. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களிலும் சில மோசம் என்றார். எட்.டி.யையே எடுத்துவிட்டு, எம்.பி.ஏ. மாதிரி ஒரு முதுநிலைப் பட்டம் போதும் என்றார்.

வீட்டுக்காரரே வீட்டை இடிக்கச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? பெரிய விவாதம் நடந்தது. கார்னெகி அறக்கட்டளையின் தலைவராக இருந்த லீ ஷுல்மனும் அவரோடு பணியாற்றியவர்களும் 2006-ல் வேறு வழி சொன்னார்கள்: இடிக்க வேண்டாம், பிரித்துக் கட்டுங்கள், ஆராய்ச்சியாளருக்கு பிஎச்.டி., பள்ளியை நடத்துகிறவருக்கு முற்றிலும் வேறான தொழிற்பட்டம். 2007-ல் சுமார் 25 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கின. இன்று அந்தக் கூட்டமைப்பில் நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. தன் பள்ளியிலோ மாவட்டத்திலோ உண்மையாக இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்து, தீர்வை முயன்று பார்த்து, விளைவை எழுதுவதுதான் அங்கே ஆய்வேடு. ஹார்வர்டும் 2010-ல் 25 பேருடன் மூன்று ஆண்டுத் தலைமைப் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. அப்போது கல்விக் கட்டணம் இல்லை. மூன்றாம் ஆண்டு முழுக்கக் களத்தில் வேலை. தான் பெற்றெடுத்த பழைய எட்.டி.யை அது பிறகு நிறுத்தியேவிட்டது.

சரி, இப்போதாவது அளந்துவிட்டார்களா? இங்கேதான் சிக்கல். பள்ளிக்குள் பிள்ளைகளின் கற்றலைப் பாதிக்கும் காரணங்களில், வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்குத்தான் என்று 2004-ல் வந்த ஒரு முக்கியமான ஆய்வறிக்கை சொன்னது. ஆனால் 2009-ல் நியூயார்க் நகரப் பள்ளிகளைப் பார்த்த பொருளியலாளர்கள், தலைமையாசிரியரின் படிப்புக்கும் பள்ளியின் தேர்ச்சிக்கும் பெரிதாகத் தொடர்பு காணவில்லை. தலைமை முக்கியம், தலைமைக்காகப் படித்த படிப்பின் பலன் மட்டும் கணக்கில் சிக்கவில்லை. காரணம் நமக்கே தெரியும். தலைமையாசிரியரின் வேலை ஆசிரியர்கள் வழியாகத்தான் பிள்ளையைச் சேர்கிறது. அதற்குப் பல வருடம் ஆகும். அதற்குள் அவருக்கு மாறுதல் வந்துவிடும். தவிர, கெட்டிக்காரர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு, "எங்கள் படிப்பால்தான் கெட்டிக்காரர் ஆனார்" என்று சொல்லிக்கொள்வதும் எளிது.

அளப்பது கஷ்டம் என்பதால் எளிதில் எண்ணக்கூடியதை எண்ணித் திருப்திப்படுவதுதான் இந்த நூறு வருடமும் நடந்த கதை. எண்ணக்கூடியதிலும் ஒன்றை விளம்பரத்தில் பார்க்க முடிவதில்லை: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? பல துறை பிஎச்.டி.க்களையும் சேர்த்து 2008-ல் அங்கே வெளியான ஒரு கணக்கில், பத்து ஆண்டுக்குள் முடித்தவர்கள் சுமார் 57 சதவீதம்தான். மீதிப் பேரில் பலருக்கு மிஞ்சியது கடனும் பாதி எழுதிய ஆய்வேடும்.

ஆகவே சேரப் போகிறவர்கள் தரவரிசைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர், எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? ஆய்வேடு எதைப் பற்றி, அதனால் எந்தப் பள்ளியில் என்ன மாறியது? சொல்லிக்கொடுப்பவர்களில் பள்ளியை நடத்திப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? படித்து முடித்தவர்களைப் பல்கலைக்கழகம் ஐந்து வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் முதல் மூன்றுக்கும் பதில் தெளிவாக வராது என்பது என் எண்ணம்.

எட்.டி. முடித்தவர்களும் பாதியில் விட்டவர்களும் நம் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதிவைவிட அதுதான் உதவும்.