பொன்னை விஞ்சிய நீலம்

நவரத்தினங்களின் வரிசையில் இக்கல்லுக்கு இடமில்லை. வைரத்தைப் போல இது ஒளியை ஊடுருவ விடுவதுமில்லை. ஆயினும் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதன் இதை விரும்பி அணிந்து வந்திருக்கிறான். இதன் பெயர் லாபிஸ் லசூலி. 'லாபிஸ்' என்பது கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல். 'லசூலி' என்பது 'லாஜ்வர்த்' என்ற பாரசீகச் சொல்லின் திரிபு.

மலையிலிருந்து கல்லறைக்கு

ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில், பதக்சான் மலைப்பகுதியில் சார்-இ-சங் என்னும் சுரங்கம் இருக்கிறது. பண்டைய உலகின் சிறந்த நீலக்கல் பெரும்பாலும் இங்கிருந்தே சென்றது. இராக்கில் 'ஊர்' என்ற பெயருடைய தொல்நகர் ஒன்று உண்டு. 1922 முதல் 1934 வரை லெனார்டு வூல்லி அங்கே அகழ்ந்த அரச கல்லறைகளில் இக்கல் ஏராளமாகக் கிடைத்தது. சுரங்கத்திற்கும் அந்நகருக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு! எகிப்திய மன்னன் துட்டன்காமனின் பொன் முகமூடியில் புருவங்கள் இக்கல்லால் ஆனவை. சுமேரியரின் இனன்னா தேவி பாதாளம் சென்றபோது கழுத்தில் இதன் மணிகளையே அணிந்திருந்தாள் என்பது அவர்களின் புராணம்.

கூண்டுக்குள் கந்தகம்

லாபிஸ் பல கனிமங்கள் கலந்த பாறை. வெண்மைத் திட்டுகள் கால்சைட், பொன்னிறப் புள்ளிகள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், நீலம் லசுரைட். லசுரைட்டில் அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் அணுக்கள் கூண்டுபோல் அமைந்துள்ளன. கூண்டினுள் மும்மூன்றாகச் சேர்ந்த கந்தக அணுக்கள் அடைபட்டிருக்கின்றன. இவை மஞ்சள், ஆரஞ்சு ஒளியை உட்கவர்வதால் கல் நீலமாகத் தெரிகிறது.

அமிலம் பட்டால் இக்கூண்டு சிதையும், நிறம் மங்கும், அழுகிய முட்டை நாற்றம் எழும். ஆகவே இந்நகையைப் புளியோ எலுமிச்சையோ இட்டுத் துலக்கக் கூடாது. இதன் கடினம் மோஸ் அளவில் 5 முதல் 5.5 வரைதான். தெருப் புழுதியிலுள்ள குவார்ட்சின் கடினமோ 7. புழுதியை ஊதி அகற்றிய பிறகே ஈரத்துணியால் மெல்லத் துடைக்க வேண்டும்.

ஓவியரின் நீலம்

இக்கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறத் தூளே கிடைக்கும். மற்றக் கனிமங்களும் சேர்ந்து அரைபடுவதே காரணம். இடைக்கால ஐரோப்பியர் தூளை மெழுகு, பிசின் ஆகியவற்றுடன் பிசைந்து, காரநீரில் அமிழ்த்திக் கசக்கினர். நீலத்துகள் மட்டும் நீரில் இறங்கிற்று. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற வண்ணம் பொன்னுக்கு நிகராகவும் அதற்கு மேலாகவும் விலை போயிற்று. 'கடலுக்கு அப்பாலானது' என்னும் பொருளில் அதை அல்ட்ராமரைன் என்றனர்.

ஜெர்மனியில் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பற்காறையில் இந்த நீலத்துகள் படிந்திருப்பது 2019இல் தெரியவந்தது. ஏடுகளுக்கு வண்ணம் தீட்டுகையில் தூரிகை நுனியை அவர் நாவால் கூராக்கியிருக்கலாம். அவருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பல் மட்டும் சாட்சி சொல்கிறது.

சூளையில் பிறந்த நீலம்

மலிவான செயற்கை நீலத்திற்கு 1824இல் பிரான்சில் 6,000 பிராங்கு பரிசு அறிவிக்கப்பட்டது. களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையிலிட்டு நீலம் செய்த கிமே 1828இல் அதைப் பெற்றார். ஜெர்மனியில் குமெலினும் அதே காலத்தில் வெற்றி கண்டார். விலை மளமளவென்று சரிந்தது. மன்னருக்கும் தெய்வங்களுக்கும் உரியதாயிருந்த நிறம் எளியோர் கைக்கும் எட்டியது. வெள்ளை வேட்டியின் பழுப்பை மறைக்க நம் வீடுகளில் கரைத்த நீலப்பொடி அந்தச் சூளையின் வழித்தோன்றலே!