உள்ளடக்கக் கல்வியில் சிறப்புப் பள்ளிகளின் இடம்

மலேசியாவில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு மூன்று கல்வி வழிகள் உள்ளன. முதலாவது சிறப்புக் கல்விப் பள்ளி. இரண்டாவது, வழக்கமான பள்ளியில் தனி வகுப்பாக நடக்கும் ஒருங்கிணைப்புத் திட்டம். பெற்றோர் இதை ‘பிபிகேஐ’ என்பர்; சில தமிழ்ப்பள்ளிகளிலும் இவ்வகுப்பு உண்டு. மூன்றாவது, மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கும் உள்ளடக்கக் கல்வி.

எல்லாரும் ஒன்றாகப் படிப்பதே நோக்கம் என்றால், சிறப்புப் பள்ளி எதற்கு? பார்வையற்ற பிள்ளை பாடப்புத்தகம் படிக்க முதலில் பிரெய்ல் கற்க வேண்டும். செவித்திறன் இல்லாத பிள்ளைக்குச் சைகைமொழி பேசும் ஆசிரியரும் தோழர்களும் தேவை. இந்த அடிப்படையைத் தருவது சிறப்புப் பள்ளி. 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு மாறிய செயிண்ட் நிக்கலஸ் பார்வையற்றோர் இல்லம் இத்துறையின் முன்னோடி. 1954இல் பினாங்கில் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளி உருவானது.

பிரெய்லும் சைகைமொழியும் கைவந்த பிள்ளை பொது வகுப்புக்கு மாறலாம். ஆனால் அங்கு உதவி ஆசிரியரோ ஏற்ற பாடப்பொருளோ இல்லையென்றால், வகுப்பில் உட்கார்ந்திருந்தும் பிள்ளை தனித்தே இருக்கும்.

‘எந்தப் பிள்ளையையும் நிராகரிக்கக் கூடாது’ என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைப்படுத்தியது. பெற்றோர் முதலில் மருத்துவரின் உறுதிக் கடிதம் பெற்று, சமூக நல இலாகாவில் ‘ஓகேயூ’ அட்டைக்குப் பதிய வேண்டும். பின்னர் மாவட்டக் கல்வி இலாகாவை அணுகலாம். ஊர் பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால், இழப்பது கற்கும் வயதை.