மொரீஷியஸ்: தேசியப் பூங்காக்களும் காப்பு வனங்களும்

மொரீஷியஸ், இந்து மகாசமுத்திரத்தின் தென்மேற்குப் பகுதியில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில், எரிமலைக் குழம்பு உறைந்து எழுந்த ஒரு தீவையும், அதற்கும் கிழக்கே தனித்துக் கிடக்கும் ரோட்ரிக்ஸ் தீவையும், அகலேகா, ஸேன் பிராண்டன் முதலிய சிறு திட்டுகளையும் உள்ளடக்கிய குடியரசு. தலைத்தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். அதன் மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டருக்கு மேற்படாது. இத்தேசத்தின் காப்பு வனங்களைப் பற்றி அறியப் புகுவோர், பெருவிலங்குகள் உலவும் விஸ்தாரமான கானகங்களை இங்கே எதிர்பார்க்கலாகாது. வௌவால்களைத் தவிரப் பூர்வீகமான தரைப்பாலூட்டி எதுவுமே இத்தீவுகளில் தோன்றவில்லை. தோன்றிய பறவைகளிலும் ஊர்வனவற்றிலும் மரங்களிலும் பெரும்பகுதியை மனிதர் மூன்று நூற்றாண்டுகளுக்குள் தொலைத்துவிட்டனர். எஞ்சியவற்றை அதே மனிதர் களை பறித்தும் வேலி கட்டியும் கூண்டில் வளர்த்தும் காத்துவருகின்றனர் என்பதே இக்காப்பிடங்களின் விசேஷம்.

ஒல்லாந்தர் 1598-இல் இத்தீவில் இறங்கி, 1638-இல் குடியேறி, 1710-இல் கைவிட்டுச் சென்றனர். அவர்கள் நாடியது கருங்காலி. அவர்கள் விட்டுச் சென்றது எலியும் பன்றியும் 1639-இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மானும். பறக்கவியலாத டோடோப் பறவையைக் கடைசியாகக் கண்டதாக நம்பத்தகுந்த குறிப்பு 1662-ஆம் ஆண்டுக்குரியது. அதனை மாலுமிகள் தின்றே தீர்த்தனர் என்று சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தரையில் இடப்பட்ட முட்டைகளைக் குரங்கும் பன்றியும் எலியும் சூறையாடியதே அதன் அழிவுக்குப் பிரதான காரணம் என்பதே அறிஞர் பலரின் துணிபு. பின்னர் வந்த பிரெஞ்சு ஆட்சியில், பியேர் ப்வாவ்ர் என்னும் நிர்வாகி, காடு அழிந்தால் மழை குறையும் என்ற கருத்தை உறுதியாகப் பற்றியவராய், மலைச்சரிவுகளிலும் நீர்நிலைகளின் ஓரத்திலும் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் விதிகளை 1769-இல் கொண்டுவந்தார். காலனி நாடுகளில் இயற்றப்பட்ட வனப்பாதுகாப்புச் சட்டங்களுள் மிகப் பழமையானவற்றில் இதுவும் ஒன்று. மலைக்காப்பு நிலம், ஆற்றங்கரைக் காப்பு நிலம் என்னும் பாகுபாடுகள் இன்றளவும் அத்தேசத்துச் சட்டத்தில் நிலைத்திருக்கின்றன.

ஆயினும் 1810-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகு, சர்க்கரையின் முன் அவ்விதிகள் பெரிதாக நிற்கவில்லை. சமநிலம் முழுவதும் கரும்புக்காயிற்று. அக்கரும்பை நட்டு வெட்டுவதற்காக 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட சுமார் 4,50,000 பேரில் சென்னை மாகாணத்துத் தமிழரும் பலர். இன்று நல்ல நிலையிலுள்ள பூர்வீக வனம் தீவின் பரப்பில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. காப்பிடங்களைக் குறித்த வரைபடத்தை விரித்துப் பார்த்தால், செங்குத்தான பள்ளத்தாக்கு, பாறை முகடு, ஈரம் வடியாத மேட்டுநிலம், கடலிடைக் குன்று என ஏர் ஏற மறுத்த இடங்களே அதில் நிறம் பெற்றிருப்பதைக் காணலாம். எது காக்கத்தக்கது என்று ஆராய்ந்து ஒதுக்கப்பட்டவை இவற்றுள் சில. பயிருக்கு உதவாது என்பதால் தப்பியவையே பல. பெரியே என்னும் வனக்காப்பிடத்தின் பரப்பு ஒன்றரை ஹெக்டேருக்கும் குறைவு என்று கூறினால், வேறு தேசத்தார் அச்சுப்பிழை என்றே கருதுவர். ஆனால் தாவர சாஸ்திரிகள் அந்தத் துண்டு நிலத்தைப் பொக்கிஷமாகப் போற்றுகின்றனர்.

1993-இல் வனவிலங்கு, தேசியப் பூங்காச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ், அடுத்த ஆண்டு, முதல் தேசியப் பூங்காவாகிய பிளாக் ரிவர் கார்ஜஸ் தென்மேற்கு மலைப்பகுதியில் ஸ்தாபிதமாயிற்று. சுமார் 6,500 ஹெக்டேர் பரப்புள்ள இது தீவில் ஏறக்குறைய 3.5 சதவீதம். மக்காபே முகட்டின் உயர்ந்த காடுகளும், பெட்ரேன் என்னுமிடத்தின் ஈரப் புதர்க்காடும், மேற்குச் சரிவுகளின் வறண்ட வனமும், அவற்றிடையே ஆறுகள் அறுத்த ஆழமான பள்ளத்தாக்குகளும் இதற்குள் அடங்கும். இதன் ஒரு பகுதி, பூங்கா ஆவதற்கு முன்பே, 1977-இல், யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டிருந்தது. பூங்காவின் எல்லையை ஒட்டியுள்ள கிராண்ட் பாஸேன் ஏரியைத் தீவிலுள்ள இந்துக்கள் கங்கா தலாவ் என்று போற்றி, மகா சிவராத்திரிக்கு இலட்சக்கணக்கில் காவடி சுமந்து நடந்து வருகின்றனர். ஆகவே தேசத்தின் பெரும் யாத்திரை வழியும் அதன் பெரும் வனமும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன.

இவ்வனத்தில் நுழைபவர் கண்ணுக்கு எங்கும் பசுமையே தெரியும். அப்பசுமையில் பெரும்பகுதி பகைவனுடையது என்பதை அறிந்தவர் சொன்னாலன்றி விளங்காது. பிரேஸிலிலிருந்து வந்த சீனக் கொய்யா, பிரிவெட் புதர், மடகாஸ்கரின் விசிறி வாழை ஆகியவை கருங்காலியின் கன்றுகளுக்கு வெளிச்சம் விடாமல் நெருங்கி வளர்கின்றன. முதுமரங்கள் நிற்கின்றன, அவற்றின் சந்ததி இல்லை. குரங்கு காயைப் பிஞ்சிலேயே கிள்ளி எறிகிறது; பன்றி வேரைத் தோண்டுகிறது; மான் முளையை மேய்கிறது. இக்கொய்யா பழுக்கும் பருவத்தில் ஊர்மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று சிவந்த கனிகளைப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பது வெகு ஜனப் பழக்கம் ஆதலால், அதனை அறவே ஒழிப்போம் என்று எந்த அதிகாரியும் எளிதில் முழங்க முடியாது. அதற்கு மாறாக, காட்டின் சிறந்த துண்டுகளைத் தேர்ந்து, மானும் பன்றியும் புகாதபடி வேலியிட்டு, உள்ளேயுள்ள அந்நியச் செடிகளைக் கையால் பிடுங்கி, பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைப்பதை மறுபடி பிடுங்கும் முறை கையாளப்படுகிறது. அவ்வாறு களையப்பட்ட துண்டுகளில் பூர்வீகக் கன்றுகள் தாமே தலைதூக்குவது கண்கூடு. களையெடுப்பு சில ஆண்டுகள் தவறினால், செலவிட்ட பொருளும் உழைப்பும் வீணே.

மக்காபே காட்டிலுள்ள தம்பலகோக் மரத்தைப் பற்றி 1977-இல் ஒரு விசித்திர வாதம் எழுந்தது. அதன் கெட்டியான விதை டோடோவின் இரைப்பையில் அரைபட்டாலன்றி முளைக்காது, டோடோ மறைந்ததால் மரமும் மறைகிறது என்று ஸ்டான்லி டெம்பிள் என்னும் அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். கதை அழகாயிருந்தமையால் உலகெங்கும் பாடநூல்களில் ஏறிவிட்டது. டோடோ மறைந்த பின் முளைத்த மரங்களும் உண்டு, பறவையின் உதவியின்றியும் விதைகள் முளைக்கின்றன என்று பிறர் காட்டிய பின்னும், பாடநூல்களிலிருந்து அது இறங்கியபாடில்லை.

பறவைகளைப் பொறுத்தமட்டில் இப்பூங்கா அடைந்த கீர்த்தி நியாயமானது. 1974-இல் மொரீஷியஸ் வல்லூறு என்னும் சிறு வேட்டைப்பறவையில் காட்டில் அறியப்பட்டவை நான்கே; காடு அழிந்ததும், மலேரியா ஒழிப்புக்காகத் தெளித்த டி.டி.டி. மருந்தும் அதனை அந்நிலைக்குக் கொணர்ந்தன. அவ்வாண்டில் ஒரு ஜோடி, வழக்கமான மரப்பொந்தை விடுத்துக் குரங்கு ஏறவியலாத பாறைச்சுவரில் கூடு கட்டியதால், அதன் குஞ்சுகள் பிழைத்தன. 1979-இல் வந்து சேர்ந்த கார்ல் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு விஞ்ஞானி, கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் தாய்ப்பறவை இரண்டாம் முறை இடும் என்பதைப் பயன்படுத்தி, எடுத்த முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்து விட்டார். இவ்வாறு 1990-களின் நடுவுக்குள் விடுவிக்கப்பட்டவை முந்நூற்றுக்கு மேற்பட்டவை. பின்னர் உழைப்புத் தளர்ந்தபோது தொகையும் தளர்ந்து, 2014-இல் அப்பறவை மறுபடியும் ஆபத்துக்குள்ளானவற்றின் வரிசையில் வைக்கப்பட்டது என்பதையும் இங்குக் குறித்தல் முறை.

இளஞ்சிவப்புப் புறாவின் சரித்திரமும் அத்தன்மையதே. 1990-ஐ ஒட்டி வனத்தில் இருந்தவை சுமார் பத்து. இன்று அவை நூற்றுக்கணக்கில் உள்ளன. இதில் நகைப்புக்கிடமான செய்தி ஒன்றுண்டு: அப்பறவை கடைசிப் புகலாகக் கொண்ட தோப்பு பூர்வீக மரங்களுடையதன்று, வனத்துறை நட்ட ஜப்பானிய ஊசியிலை மரங்களுடையது. மொரீஷியஸ் பச்சைக்கிளி 1980-களில் இருபதுக்கும் குறைவாயிருந்து, கூடுப்பெட்டிகளாலும் தீனி வைப்பதாலும் பெருகி, 2019-இல் அபாயப் படியில் ஒரு படி இறங்கிற்று. ஜெரால்ட் டரெல் நிறுவிய ஜெர்ஸித் தீவு ஸ்தாபனமும், 1984-இல் தோன்றிய மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் அரசாங்கத்தோடு இப்பணிகளில் பங்கு கொண்டன.

தலைத்தீவில் இயலாததைக் கடலிடைச் சிறு தீவுகளில் சாதிக்க இயன்றது. வடக்கே சுமார் 22 கிலோமீட்டரில் உள்ள ரவுண்ட் தீவில் எலி ஒருபோதும் ஏறவில்லை. ஆட்டையும் முயலையும் மட்டும் மனிதர் விட்டிருந்தனர். அவை மேய்ந்து மண்ணைக் கடலில் கரைத்துவிட்டிருந்த நிலையில், ஆடுகள் 1979-இலும் முயல்கள் 1986-இலும் முற்றாக நீக்கப்பட்டன. புட்டிப் பனையின் கன்றுகள் உடனே எழுந்தன. மேல்தாடை எலும்பு இரு துண்டாகப் பிரிந்து மூட்டுப்போல் மடங்கும் அபூர்வப் பாம்பொன்று இங்குப் பிழைத்தது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த, மண்ணில் புதைந்து வாழும் மற்றொன்றோ 1975-க்குப் பின் கண்ணில் படவில்லை. முயலை இன்னும் முன்னரே நீக்கியிருந்தால் அதுவும் எஞ்சியிருக்கக்கூடும்.

தென்கிழக்குக் கரையருகே, பவளச் சுண்ணாம்பால் அமைந்த, சுமார் 26 ஹெக்டேர் பரப்புள்ள ஈல் ஓ ஸெக்ரெத் காப்பிடத்தில் வேறொரு துணிகரமான பரீட்சை நடைபெற்றது. மொரீஷியஸின் சொந்த இராட்சத ஆமைகள் அழிந்துபட்டமையால், அவை செய்துவந்த மேய்ச்சலையும் விதை பரப்புதலையும் செய்வதற்கு அல்டாப்ரா ஆமைகள் 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து விடப்பட்டன. அந்நிய உயிரினங்களால் சீரழிந்த தேசத்தில் மேலும் ஓர் அந்நியத்தை அழைப்பதா என்று தயங்கியோர் இருந்தனர். ஆனால் ஆமைகள் கருங்காலிப் பழத்தைத் தின்று, விதைகளைத் தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் கழித்தன. அவ்வாறு கழிந்த விதைகள் நன்றாக முளைத்தன. 2004-இல் எட்டுச் சிறு தீவுகள் சேர்ந்து தீவகத் தேசியப் பூங்காவாயின. வடகிழக்கில் ப்ரா தோ பூங்கா 2011-இல் மூன்றாவதாக அமைந்தது. 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த லெ மார்ன் மலை, தப்பியோடிய அடிமைகளுக்கு அடைக்கலம் தந்ததால் புகழ்பெற்றதாயினும், தேசிய மலராகிய ட்ரோக்கீஷியா அதன் பாறைகளில் பூப்பதால் இயற்கை ஆராய்ச்சிக்கும் உரியது.

கடலில் ப்ளூ பே, பலாக்லாவா என இரு காப்புப் பூங்காக்கள் உண்டு. 353 ஹெக்டேர் பரப்புள்ள ப்ளூ பேயின் பவளத் தோட்டத்தைக் கண்ணாடி அடித்தளமுள்ள படகுகளில் சென்று காணலாம். 2008-இல் இது ராம்ஸார் ஈரநிலமாயிற்று. இதற்கு அணித்தாக 2020 ஜூலை 25-ஆம் தேதி வாகாஷியோ என்னும் சரக்குக் கப்பல் பவளப்பாறையில் மோதி, சில நாள் கழித்து உடைந்து, ஏறக்குறைய 1,000 டன் எண்ணெயைக் கசிய விட்டது. ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்து மிதவை வேலி தைத்து எண்ணெயைத் தடுக்க முனைந்தனர். எண்ணெய் சூழ்ந்த ஈல் ஓ ஸெக்ரெத்திலிருந்து அரிய செடிகளின் நாற்றுகள் அப்புறப்படுத்தப்பட்டன. தென்கிழக்குத் திட்டுகளின் அரணைகளும் பல்லிகளும் ஜெர்ஸித் தீவு வரை அனுப்பப்பட்டன.

ரோட்ரிக்ஸ் தீவில் காடு என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லாமற் போய்விட்டது. 1980-இல் ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலால் செடி தேடிய ஒரு பள்ளி மாணவன், அழிந்ததாகக் கருதப்பட்ட காட்டுக் காப்பிச் செடியின் ஒரே ஒரு மரத்தைக் கண்டான். அதிலிருந்து இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்துக்குச் சென்ற கொம்புகள் வேரூன்றி, வெகுகாலம் பூத்தும் காய்க்காமலிருந்து, பெருமுயற்சிக்குப் பின்னரே விதை தந்தன. கிராண்ட் மோன்தாஞ் காப்பிடத்தில் நட்டு வளர்க்கப்படும் பூர்வீக மரங்களில், அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட இரு சிறு பறவையினங்கள் இப்போது கூடு கட்டுகின்றன.

பூங்கா எல்லைக்குள் தீராத வழக்கொன்று வௌவாலைப் பற்றியது. மொரீஷியஸ் பழந்தின்னி வௌவால் பூர்வீக மரங்களின் விதைகளைப் பரப்புவதில் முதன்மையானது. பகலில் பள்ளத்தாக்கில் தொங்கி, இரவில் தோட்டங்களில் லிச்சியும் மாம்பழமும் தின்னும். கொல்லையில் ஒரே லிச்சி மரம் வைத்திருக்கும் குடும்பத்துக்கும் இது நஷ்டமே. 2015-இல் வந்த புதிய உயிரினவளச் சட்டம், காக்கப்பட்ட இனமும் தொல்லையானால் குறைக்கப்படலாம் என்று இடம் கொடுக்கவே, அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வௌவால்கள் சுடப்பட்டன. பழ விளைச்சல் அதனால் உயர்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. 2018-இல் சர்வதேசப் பட்டியலில் அவ்வினம் ஆபத்துக்குள்ளானது என்று மாற்றி எழுதப்பட்டது. மரங்களுக்கு வலை போர்த்த அரசாங்கம் மானியமும் வழங்குகிறது. ஆனால் ஓங்கி வளர்ந்த பழைய மரத்துக்கு வலை எட்டுவதில்லை, கவாத்துச் செய்து குட்டையாக்க உடையவர் மனம் இசைவதில்லை.