பழைய விசைப்பலகையும் புதிய மடிக்கணினியும்

பள்ளிக் கிடங்கில் உறங்கும் பழைய விசைப்பலகைகளைக் குப்பையென ஒதுக்கிவிடாதீர்கள், அன்பர்களே! வடத்தின் முனையைப் பார்த்தாலே அவை பிறந்த காலம் தெரிந்துவிடும். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கணினிக்கு ஐந்து ஊசிகள் கொண்ட பருத்த வட்டச் செருகி. 1987-இல் அதே நிறுவனம் பிஎஸ்/2 கணினிகளை வெளியிட்டபோது செருகி சிறுத்தது, ஊசிகள் ஆறாயின. வடிவம் மாறியதே தவிர, இரண்டும் பேசிய மொழி ஒன்றே. எனவே ஒன்றை மற்றொன்றில் பொருத்த, கம்பிகளை மட்டும் இணைக்கும் எளிய மாற்றி போதும்.

1996-இல் அறிமுகமான யுஎஸ்பியின் கதை வேறு. பழைய விசைப்பலகை, விசையை அழுத்திய கணமே தானாகச் செய்தி அனுப்பும். யுஎஸ்பி விசைப்பலகையோ கணினி கேட்கும்வரை காத்திருக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஊதா நிறச் செருகிக்குள் இருப்பவை வெறும் கம்பிகளே. இரு மொழியும் அறிந்த விசைப்பலகைக்கு மட்டுமே அது உதவும். மற்றவற்றுக்கு, மொழிபெயர்க்கும் சில்லு பொதிந்த மாற்றியைக் கேட்டு வாங்குங்கள். (விலை சற்றுக் கூடுதல்தான்!)

தமிழில் தட்டச்சு செய்ய இயலுமா என ஐயுற வேண்டியதில்லை. விசைப்பலகை அனுப்புவது எழுத்தையன்று. எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் எண்ணையே. அதை எழுத்தாக்குவது கணினியிலுள்ள மென்பொருள். ஆகவே 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99, அதற்கு முன்பே பிறந்த விசைப்பலகையிலும் பிசகின்றி இயங்கும்.