உரோமர் வெண்கலக் காசும் வெற்றித் தெய்வமும்

உரோமப் பேரரசின் சரித்திரத்தை ஆராய்வோர் பொற்காசுகளையே பெரிதும் போற்றுவர். நாம் ஈண்டு வெண்கலக் காசுகளை எடுத்துக்கொள்வோம். பொற்காசு செல்வர் பெட்டகத்திற் கிடந்தது. வெண்கலக் காசோ சந்தையிலும் தெருவிலும் ஏழைகளின் கைகளிற் புழங்கியது. ஆதலால், மக்கள் எதனைக் காணவேண்டுமென அரசு விரும்பியதோ அதனை இக்காசுகளிலே காணலாம். கி. பி. 4ஆம் நூற்றாண்டில் அவ்வரசின் சமயம் மாறியபோது இஃது இனிது புலனாகின்றது.

கொன்ஸ்தந்தீன் மன்னன் 312இல் உரோமாபுரியைக் கைப்பற்றினான். 313இல் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு உரிமை நல்கினான். அதன்பின்னரும் சில ஆண்டுகள் அவனுடைய வெண்கலக் காசுகளிற் சூரியதேவனே நின்றான். தலையிற் கதிர்முடி, உயர்த்திய வலக்கரம், இடக்கையில் உலகவுருண்டை. 'வெல்லப்படாத சூரியன், மன்னனின் துணைவன்' என்பது சுற்றியுள்ள எழுத்தின் பொருள். 320ஆம் ஆண்டளவில் அவ்வுருவம் இக்காசுகளினின்றும் மறைந்தது. அவ்விடத்திற் சிலுவை உடனே வந்துவிட்டதென எண்ணற்க. பாசறை வாயிலும், பின்னர்க் கொடிகளோடு நிற்கும் போர்வீரருமே வந்தனர்.

361இல் அரசுகட்டிலேறிய யூலியன் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றான். அவனது பெரிய வெண்கலக் காசில் எருதொன்று நிற்கும். மேலே இரு விண்மீன்கள். எருதென்றவுடன் நம்மவர் மனம் நந்தியிடம் ஓடும். ஆயின் இவ்வெருதின் பொருள்பற்றி அறிஞர் ஒருமுகப்பட்டாரல்லர். அந்தியோக்கியா நகரத்தார் மன்னனின் தாடியை எள்ளியதுபோலவே அவன் காசையும் எள்ளினர். 363இற் பாரசீகப் போரில் அவன் மாண்டான். எருதும் அவனோடு போயிற்று.

ஒரு தெய்வம் மட்டும் போகவில்லை. அவளே விக்டோரியா என்னும் சிறகுடைய வெற்றித் தெய்வம். (பிரித்தானிய மகாராணி தாங்கியதும் இப்பெயரே.) உரோமாபுரி மூதவை மண்டபத்தில் அவளுக்கிருந்த பலிபீடத்தை 382இற் கிரேசியன் மன்னன் அகற்றினான். மூதவையினரான சிம்மாக்கஸ் 384இல் அதனை மீள அமைக்குமாறு விண்ணப்பித்தார், மிலான் ஆயர் அம்புரோஸ் எதிர்த்தார், விண்ணப்பம் பலிக்கவில்லை. ஆனால் 388ஆம் ஆண்டளவில் வெளிவந்த சின்னஞ்சிறு வெண்கலக் காசை நோக்குங்கள்! தோளில் வெற்றிச்சின்னஞ் சுமந்து, கைதியொருவனை இழுத்துச் செல்கின்றாள் அதே தெய்வம். பக்கத்திலே கிறிஸ்தவச் சின்னம். பீடத்தை விலக்கிய அரசுக்கும் அவளுருவம் வேண்டியிருந்தது. 'வென்றோம்' என்று சொல்ல வேறுருவம் மக்களுக்குப் பழக்கமில்லை போலும். 'நாட்டின் நலம்' என்பது அக்காசின் வாசகம். அக்கைதிக்கு அதில் என்ன நலமோ!

இவ்வகைக் காசுகள் நம் இலங்கைத் தீவின் மண்ணிலிருந்தும் எடுக்கப்பட்டுள்ளன. கடல்கடந்து வந்த உரோமர் வெண்கலக் காசுகளுட் பல கைமாறிக் கைமாறித் தேய்ந்துவிட்டன. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த சிறு காசுகளும் உள. அவற்றில் இலத்தீன் எழுத்து உருக்குலைந்து வெறுங் கோடாயிற்று.