நன்னூலார் வகுத்த காற்பங்கு

ஆசிரியன்பால் எத்துணைக் கருத்தாகக் கேட்பினும் மாணாக்கன் பெறும் புலமை காற்பங்கே என்பர் பவணந்தியார். உடன் கற்பாரொடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கும், தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது நன்னூற் பொதுப்பாயிரத்து அவர் வகுத்த கணக்கு. நாமோ அதனை மனப்பாடத்திற்கு உரிய நூற்பா எனக் கொண்டு, வகுப்பில் முழுப் பங்கையும் ஆசிரியனுக்கே அளித்துவருகிறோம்.

உடன்பயில் கல்வி மேலைநாட்டிற் பரவியதில் சென்னைக்கும் பங்குண்டு. 1789இல் எழும்பூரில் தோன்றிய ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், நம் திண்ணைப்பள்ளிச் சிறார் மணலில் விரலால் எழுதிப் பயிலக் கண்டார். அதனைக் கைக்கொள்ளத் தம் பள்ளி ஆசிரியர் இணங்காமையின், எட்டாண்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையோர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் 'சென்னை முறை' எனும் பெயர் பரவிற்று. ஆயினும் அம்முறையில் மூத்த சிறுவன் ஆசிரியன் சொல்லையே திருப்பிச் சொன்னான். தான் கண்டதையும் பட்டதையும் சொல்ல அவனுக்கு இடமில்லை. நம் சட்டாம்பிள்ளையும் அத்தகையனே. நன்னூலார் கருதிய பயிற்சி இதனின் வேறு என்பது என் துணிபு.

பட்டறிவுடையாரைக் கேட்டு நூற்பொருள் தெளிந்தமைக்குச் சிந்தாமணிப் பதிப்பே சான்று. குடந்தைக் கல்லூரி ஆசிரியராயிருந்த சாமிநாதையர், சமணர் கோட்பாடும் வழக்கமும் விளங்காது இடர்ப்பட்டு, அவ்வூர்ச் சமணர் இல்லத்திற்குச் சென்று கேட்டறிந்தார்; நூல் 1887இல் வெளிவந்தது. கற்பித்த ஆசிரியரே கேட்கும் மாணாக்கராய் அமர்ந்தார் என்பது கருதத்தக்கது.

இதனை யான் உணர்ந்தது காத்திவாக்கத்திலிருந்து பயில வந்த மாணாக்கி ஒருத்தியால். குறுந்தொகையில், கரையில் நின்ற உப்புவண்டி பெருமழையில் அழிந்தாற்போலத் தலைவன் நெஞ்சம் அழிந்தது என வரும் உவமையைப் பொருட்கேடு எனக் கூறி நகர்ந்தேன். ஆண்டு முழுதும் வாய்திறவாத அவள் எழுந்தாள். எண்ணூர்க் கழியை அடுத்த அளங்களில் உப்பு வாரிய தன் பாட்டி சொன்னதைச் சொன்னாள்: கோடைமழை திடீரெனப் பெய்த ஓர் இரவு, குவியலை மூடக் கீற்றுக் கொண்டு ஓடினராம், பொழுது விடிந்தபோது ஏற்றிவைத்த வண்டி அப்படியே நின்றதாம், உள்ளே சரக்குத்தான் இல்லையாம். திருடனும் இல்லை, தடமும் இல்லை.

பட்டறிவு சொல்வதெல்லாம் உரையாகிவிடாது. பாட்டின் சொல் அதனைத் தாங்குதல் வேண்டும். ஈண்டுத் தாங்கிற்று. வண்டி நின்றது என்பதைப் புலவர் வாளா கூறவில்லை. தலைவன் புறத்தே அசையாது நிற்கின்றான். அகத்துறுதி மட்டும் கரைந்துபோயிற்று. உரைகளிற் பன்முறை படித்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

அன்று முதல் நெய்தற் பாட்டு நடத்துங்கால் முதலிற் பேசுவது யான் அன்று. இராயபுரத்தார் ஒருவர் துறைமுகத்தைச் சொல்வார். திருவொற்றியூரார் வலையைச் சொல்வார். தம் வீட்டு வறுமையைப் பலர்முன் சொல்ல நாணுவாரும் உளர். அவரை வற்புறுத்துதல் தகாது. அம்மாணாக்கியும் யான் வினவிப் பேசினாளல்லள். பல்லாண்டாக யான் வைத்திருந்த குறுந்தொகைக் குறிப்பேட்டில் அப்பாட்டுக்கு எழுதியதை அடித்துவிட்டு, அவள் பாட்டி சொன்னதை எழுதி வைத்துள்ளேன்.