படச்சுருளின் கதை

1888-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஒரு காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே நூறு படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்குப் படங்களோடு, புதுச் சுருள் போட்ட காமிராவும் திரும்பி வரும். கோடக் ஸ்தாபனத்தின் செல்வ ரகசியம் இதுதான்: காமிரா ஒரு தடவை விற்கும், சுருளோ ஆயுள் முழுவதும் விற்கும்.

அதே ஸ்தாபனத்தில் 1975-இல் ஸ்டீவன் சாஸன் என்ற இஞ்சினீயர் சுருளே வேண்டாத காமிராவைச் செய்துவிட்டார்! பத்தாயிரமே புள்ளிகள் கொண்ட படம். அதை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி. தம் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்க யார் ஆசைப்படுவார்கள் என்று மேலதிகாரிகள் கேட்டார்களாம். அவர்களை மூடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடம் குடமாய்ப் பால் தரும் பசுவை எந்த வீட்டுக்காரர் அவிழ்த்துவிடுவார்?

பிற்பாடு கோடக்கும் டிஜிட்டல் காமிரா விற்றது. 2005-இல் அமெரிக்க விற்பனையில் முதலிடமே பெற்றது. ஆனால், வாங்கிப் போனவர்களில் ஒருவரும் சுருள் கேட்டுத் திரும்பி வரவில்லை. 2012 ஜனவரியில் அந்த ஸ்தாபனம் திவால் மனுவுடன் நீதிமன்றப் படியேறியது.

தோற்றவர் அழிவது உலக வழக்கம். இவர்கள் ஜெயித்தும் அல்லவா அழிந்தார்கள்!